ஒரு விரலுக்கு ஒரு விசை

கணினி விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த அவளால் முடியாது.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கையில் ஆட்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்டது.

காலையில் டீம் லீட் முகுந்தன் போனில் பேசியிருந்தார்.

"இன்னைக்குள்ள அந்தத் திருத்தம் வரலேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடறேன் ஜெசிந்தா. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

நிரலில் அவர் கேட்ட திருத்தத்தை அடித்து முடித்துவிட்டாள். ஆனால் அதை ஒழுங்குபடுத்த, சேமிக்க, சோதிக்க, அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும்.

அதனால் நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருளுக்கே கட்டளை எழுதினாள்.

சேமித்ததும் வரிகளை ஒழுங்குபடுத்து. சேமி. சோதனை ஓட்டு. தேறினால் மட்டும் அலுவலகத்துக்கு அனுப்பு.

ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்து, எல்லாவற்றையும் ஒரே விசையில் கட்டினாள்.

அழுத்தினாள்.

திரை துடித்தது. சேமித்தது. மறுபடி சேமித்தது. மறுபடியும்.

சட்டென்று புரிந்தது. சேமித்ததும் ஓட வேண்டிய கட்டளைக்குள் இன்னொரு 'சேமி'. அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நிறுத்த இரண்டு விசைகள் வேண்டும்.

சேர்த்து.

தங்கை பிலோமினா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, நான் அமுக்கவா?"

"வேணாம்டி."

குனிந்தாள். தோள்பட்டை சுண்டி இழுத்தது. ஓரத்து விசையைத் தாடையால் அழுத்திக்கொண்டு விரலை நீட்டினாள். தாடை வழுக்கியது.

மூச்சை விட்டாள். இன்னொரு முறை.

திரை நின்றது.

தாடையில் விசையின் தடம் பதிந்திருந்தது. தடவிவிட வந்த தங்கையைத் தலையசைத்துத் தடுத்தாள்.

சேமிப்பதற்கு முன்பே ஒழுங்குபடுத்தட்டும். அந்த இன்னொரு 'சேமி' வேண்டாம். ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி மாற்றியது. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது.

அழுத்தினாள்.

ஒழுங்கானது. சேமித்தது. சோதனை தேறியது. போய்விட்டது.

பிலோமினா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முகுந்தனிடமிருந்து செய்தி வந்தது.

"சூப்பர், வந்துடுச்சு. யாரு டைப் பண்ணிக் கொடுத்தாங்க?"

தோளில் இருந்த கை இறுகியது.

அவள் நிதானமாக அடித்தாள்.

"நான்."

பிறகு,

"அடுத்த வேலை என்ன?"

அவர் பெயருக்குக் கீழே, பதில் அடிப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் எழுந்தன. அடங்கின. மறுபடி எழுந்தன.

பத்து விரல்கள் இருந்தும் அவருக்கு நேரம் பிடித்தது.