ஊர் முத்திரை
மாநிலத்து நூலகங்கள் தங்களுக்குள் புத்தகம் அனுப்பிக்கொள்ளும் பையில், இரவல் போயிருந்த தையல் புத்தகம் திரும்பி வந்திருந்தது. நூலகர் தமயந்தி அதைப் புரட்டினாள். குழந்தைச் சட்டை வெட்டும் பக்கத்தின் முனை, வெற்றிலை மடிப்பதுபோல் இரண்டு தரம் மடிந்திருந்தது. அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான். காதலித்தவனோடு போய் எட்டு மாதமாகத் தகவலே இல்லாத தங்கை வளர்மதி. கடைசித் தாளில், புத்தகத்தை இரவல் வாங்கியிருந்த நூலகத்தின் முத்திரை ஊர்ப் பெயரோடு பளிச்சென்று இருந்தது.

“அந்தப் புத்தகத்துல அப்படி என்ன இருக்கு?”

எதிரே அண்ணன் செல்லப்பாண்டி. கண்ணில் பட்டால் வெட்டிப்போடுவேன் என்று ஊர் ஊராகத் தங்கையைத் தேடுகிறவன்.

“ஒண்ணுமில்லண்ணே. வந்த புத்தகத்துக்கு சீல் வைக்கணும்.”

தன் நூலக முத்திரையை அந்த ஊரின்மேலேயே அழுத்தினாள். இன்னொரு தரம். மறுபடியும். மை பரவி ஊர் மறைந்தது.

“ஒரு புத்தகத்துக்கு எத்தனை சீலு?”

அவன் புத்தகத்தைப் பிடுங்கினான். மடிப்பு அவன் கண்ணிலும் பட்டது. அவனும் அதே வீட்டில் வளர்ந்தவன்தானே. முனையை மெல்ல நீவிவிட்டு, படத்திலிருந்த சட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தான். சட்டை கைக்குள் மறைந்துபோனது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“எந்த ஊரு, தமயந்தி?” என்றான், தலையை நிமிர்த்தாமல்.