கிழவர் கொடுத்த ஆந்தைக் காசு

“வடிவாப் பாருங்கோ அங்கிள். இது கள்ளக் காசுதானெண்டு உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

விக்னராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டண்டினோங் நகரில் பழைய நாணயக் கடை போட்டு இந்தப் பதினெட்டு வருடத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

“எல்லாரும் நல்ல காசெண்டு சொல்லச் சொல்லித்தான் என்னோடை சண்டை பிடிக்கிறவை. நீர் என்ன பிள்ளை, தலைகீழாய் நிக்கிறீர்?”

சந்திரவதனா சிரிக்கவில்லை. கதிரையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ரை மனுசன் ஒரு கிரேக்கக் கிழவரைப் பராமரிச்சவர். மூண்டு வருசம் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி விட்டவர். சாகிறதுக்கு முதல் கிழவர் இதைக் கையுக்கை வைச்சு, ‘விளையாட்டுக் காசு, என்ரை ஞாபகமா வைச்சிரு’ எண்டவராம். இப்ப கிழவற்றை மகள்காரி, நாலாயிரம் டொலர்க் காசைக் களவெடுத்திட்டான் எண்டு அவருக்கு வேலை குடுத்த கொம்பனிக்கு எழுதிப்போட்டா. வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். எங்கடை சனமும் அவரைக் கள்ளன் எண்டுதான் கதைக்குது.”

“அவர் ஏன் வரேல்லை?”

“அவராலை வர ஏலாது அங்கிள்.”

“வெக்கமாக்கும். பாவம்.”

காசின் ஒரு பக்கத்தில் பெண் தெய்வத்தின் முகம். மறுபக்கத்தில் முழித்துப் பார்க்கும் ஆந்தை. விக்னராஜா அதைச் சின்னத் தராசில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அசல் எண்டால் பதினேழு கிராம் நிக்கவேணும். இது பதின்மூண்டு. இஞ்சை பாரும், விளிம்பிலை ஒரு கோடு ஓடுது. அந்தக் காலத்து ஏதென்ஸ் காசு சுத்தியலாலை அடிச்சது, கோடு விழாது. இது உருக்கி அச்சிலை வார்த்தது. சுற்றுலா வாறவைக்கு விக்கிற சாமான். பத்து டொலரும் பெறாது.”

“சத்தியமா?”

“சத்தியமா. நாலாயிரம் எண்டு எந்த விசரன் சொன்னவன்?”

“மகள்காரி பழைய போட்டோ ஒண்டை அனுப்பி விலை கேட்டவ. அதைப் பாத்து ஒருத்தர் எழுதிக் குடுத்தவர்.”

“போட்டோவிலை நிறை தெரியுமே? விளிம்பு தெரியுமே? எல்லா ஆந்தையும் போட்டோவிலை ஒண்டுபோலத்தான் இருக்கும். கையிலை எடுத்துப் பாக்காமல் ஒரு மனிசன்ரை சோத்திலை மண்ணைப் போட்டிருக்கிறான், மடையன்!”

“இதையெல்லாம் எழுதித் தருவியளே?”

அவர் உடனே கடையின் கடிதத்தாளில் எழுதினார். திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். அவள் நீட்டிய கூலியை வாங்கவில்லை.

“வேண்டாம் பிள்ளை. இனி அவரைத் தலை நிமிந்து நடக்கச் சொல்லும்.”

சந்திரவதனா கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்து வைத்தாள். அதே கடையின் கடிதத்தாள். ஆந்தையின் படம். ‘அசல், நாலாயிரம் டொலர்’ என்ற வரி. கீழே விக்னராஜாவின் கையெழுத்து.

“அவர் தன்ரை உயிரைத் தானே முடிச்சு, வாற ஞாயிறு முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வாற சனத்துக்கு, அங்கிள், இந்த ரெண்டு கடிதத்தையும் நான் வாசிச்சுக் காட்டவேணும்.”