நாலு மணி அலாரம்

அண்ணாமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபின் பெரியவர்கள் யாரும் சாப்பிடாத சமண வீடு இது. உலையில் போடாத அரிசி இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. எதிலும் மனம் நிலைக்காத கனகலதாவுக்கு உலை வைக்க நினைவூட்டவென்று கணவன் ஜினேந்திரன் வாங்கி வைத்த கடிகாரம் நாலு மணிக்குச் சரியாகத்தான் அடித்தது. நிறுத்தப் போனவள் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள், பிறகு அலமாரியை, பிறகு அதிலிருந்த பாத்திரங்களையெல்லாம். விளக்கு வெளிச்சத்தில் அவை பளபளக்கின்றன. "அலாரம் அடிக்கலயா?" கை கழுவி வந்த ஜினேந்திரன் கேட்கிறான். "அடிச்சுதுங்க." கையிலிருக்கும் துணியை அவள் முறுக்குகிறாள். அவன் சாப்பிட விரித்த பாயைச் சுருட்டுகிறான். நானும் பெரியவர்களைப் போல இருட்டியபின் சாப்பிடமாட்டேன் என்று இந்த வாரம்தான் பிடிவாதமாகத் தொடங்கிய ஏழு வயது மகள் கீர்த்தனா, வைத்த தட்டுகளைத் திரும்ப எடுக்கிறாள். "எனக்குப் பசிக்கவே இல்லம்மா" என்கிறாள். அவள் வயிறு இரைவது மூவருக்கும் கேட்கிறது.