நூற்றிருபது நிமிடம்

வீடியோ இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். டிஸ்க்கில் பிடிப்பது இரண்டு மணி நேரம். கார் வருவது நாலு மணிக்கு.

இப்போது மணி இரண்டேகால். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு பை, ஒரு பொம்மை, ஒரு டிஸ்க். வாலுவோடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு டிஸ்க் கொடுத்தால் யார் குடி முழுகிப் போகுமோ தெரியவில்லை.

வாலுவுக்கு மூன்றரை வயது. கூடத்தில் என் கணவர் ஷூ மாட்டிவிட மாட்டிவிட, அவள் கழற்றி எறிந்துகொண்டிருந்தாள்.

முதலில் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன். முழுவதும் கச்சிதமாக அடங்கியது. ஆனால் அவள் ஓடும்போதெல்லாம் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஓடாமல் ஒரு நிமிடம் நின்ற பிள்ளையா அது? வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் வெட்ட உட்கார்ந்தேன்.

அவள் தூங்குவதையே பதினைந்து நிமிடம் எடுத்து வைத்திருக்கிறேன். புத்தியுள்ள யாராவது எடுப்பார்களா? வெட்டினேன். கேமராவை அணைக்க மறந்து மேசையில் வைத்ததில் எட்டு நிமிடம் வெறும் கதவு. வெட்டினேன். மூன்று சக்கர சைக்கிளைப் பூட்டுகிறேன் பேர்வழி என்று கணவர் ஆறு நிமிடம் திருகாணி தேடுகிறார். அதையும் வெட்டினேன்.

"அடிப்பாவி, நான் வர்றதே அந்த ஒரு இடத்துலதான்!" என்றார், ஒற்றை ஷூவோடு பின்னால் வந்து நின்று.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் உதைத்தது. டிஸ்க்கில் எழுதவே அரை மணி நேரம் வேண்டும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். முதல் பல், முதல் அடி, செருப்போடு குளியல் தொட்டியில் இறங்கியது. எதைத் தொட்டாலும் மனசு அடித்துக்கொண்டது.

எதை வெட்ட வேண்டும் என்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும். தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தேடித் தேடி வெட்டினேன். ஊஞ்சலில் இருந்து ஒன்று. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்று. சோப்பு நுரைக்குள்ளிருந்து வரிசையாக நாலைந்து.

கணவருக்குத் தாங்கவில்லை.

"சத்தத்தை மட்டும் எடுத்துடேன், படம் இருந்துட்டுப் போகட்டும்."

உதடு அசைவது தெரியுமே. அந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடிக்கக் காது எதற்கு?

நாலு மணிக்குக் காரில் வருகிறவள் ஒரு பிள்ளைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவளாம். தத்தெடுக்க ஆள் வரும்வரை வளர்த்துத் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். நாளைக்கு அவள் தன் வீட்டில் ஆசையாக இந்தப் படத்தைப் போடும்போது, வாலு இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடக் கூடாது.

நூற்றிப்பதினெட்டு நிமிடம் வந்தது. எழுதலாமா என்று கணினி கேட்டது. அழுத்தினேன்.

கூடத்திலிருந்து வாலு என்னைக் கூப்பிட்டாள்.

இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும் என்று பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.