முதல் வாய்க் காபி

"கூடாரத்துக்குள்ள போறியே யோலெட், கை கழுவினியா?" தார்ப்பாய்க்கு அப்பாலிருந்து நர்ஸ் மிர்லாந்தின் அதட்டல் கேட்டது.

"கழுவிட்டேன் நர்ஸம்மா."

"சோப்பு போட்டா?"

யோலெட் அசடு வழிந்தபடி தண்ணீர் வாளிப் பக்கம் திரும்பினாள்.

லியோகான் நிவாரண முகாமில் பக்கத்துக் கூடாரத்துக்கு அன்றுதான் குடிவந்திருந்த ஃபாபியென் சிரித்தாள். "என்னக்கா, இந்தப் போடு போடுறாங்க!"

"அந்த வாய்தான் காப்பாத்துது. முகாம் பூரா வாந்திபேதி, நம்ம வரிசையில ஒரு பிள்ளைக்கும் இல்ல."

"கூப்பிடுங்க, ஒரு வாய் காபி குடிக்கட்டும்."

யோலெட் தார்ப்பாயை விலக்கினாள். அந்தப் பக்கம் பூகம்பத்தில் இடிந்துபோன ஆஸ்பத்திரியின் கற்குவியல் மட்டுமே கிடந்தது.

"அவங்கள இன்னும் தோண்டி எடுக்கல" என்றவள், செத்தவர்களுக்கு ஊற்றும் வழக்கப்படி முதல் வாய்க் காபியைக் கல்லிடுக்கில் ஊற்றினாள்.

அடியிலிருந்து குரல் வந்தது.

"குவளையைக் கழுவினியா?"