ஜெயவேலு ஆர்ட்ஸ்

ஜெயவேலு பிரஷ்ஷைக் கையில் எடுத்தது கலைக்காக அல்ல. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக.

மாடம்பாக்கத்தில் புதிதாக முளைத்திருந்த அந்த நகரில், தெருச் சுவர்களிலெல்லாம் ஓவியம் வரைவது என்று நலச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. படம் இருக்கிற சுவரில் யாரும் போஸ்டர் ஒட்ட மாட்டார்கள், ஒண்ணுக்குப் போக மாட்டார்கள் என்பது சங்கத்தின் கலைக் கொள்கை. பெயின்ட் சங்கத்துடையது, வரைய யார் வந்தாலும் சரி. பூட்டை உடைத்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடைக்குமா? பகலெல்லாம் ஒரு வீட்டு வாசலிலேயே நிற்கலாம். ஏன் நிற்கிறாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டில் யாரென்று பக்கத்து வீட்டுக்கே தெரியாத தெரு அது. ஜெயவேலு கடைசி வீட்டுச் சுவரைக் கேட்டு வாங்கினான். மாடி வீடு. ஜன்னல் வழியே தெரிந்த பெரிய பீரோ. நாய்கூடக் கிடையாது. ஐம்பது வயதில் ஓர் அம்மாள் மட்டும் காபி டம்ளருடன் கேட்டுக்கு உள்ளே வந்து நின்றாள்.

"என் பேரு ஹில்டா. இது என்னப்பா, கோழியா?"

"மயிலு, மேடம்."

"அப்ப கழுத்தைக் கொஞ்சம் இழு. பயப்படாத, சுவரு பெருசாத்தான் இருக்கு."

இழுத்தான். கோழி வாத்து ஆனது. மறுநாள் வாத்து மயில் மாதிரி ஆனது. அதற்கும் மறுநாள், அவனே எதிர்பார்க்காமல், தோகை விரித்தது.

ஹில்டா வெகுளி. கேட்காததையெல்லாம் சொன்னாள். மகளுக்குக் குரோம்பேட்டையில் புது வீடாம். இங்கே இருக்கிற சாமானெல்லாம் அவளுக்குத்தானாம். மருமகன் தினமும் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "மச்சான், ஒரு கை பிடிங்க" என்பான். ஜெயவேலு பிரஷ்ஷைக் காதில் சொருகிக்கொண்டு டிவியைப் பிடித்தான், ஃபிரிட்ஜைப் பிடித்தான், வாஷிங் மெஷினையும் பிடித்தான். வயிறு எரிந்தது. இருக்கட்டும், பீரோ இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். காலேஜ் பெண்கள் செல்போனில் போட்டோ எடுத்தார்கள். பால்காரர் பாலு சைக்கிளை நிறுத்தி, "சும்மா சொல்லக்கூடாது, சூப்பரா கீதுபா" என்றார். ஜெயவேலு தோகையில் இன்னும் இரண்டு கண் சேர்த்து வரைந்தான். அவன் வேலை செய்வதை இதுவரை யாரும் நின்று பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஓட வேண்டியிருக்கும்.

"இன்னாக்கா, எல்லாரும் பாக்கறாங்க?" மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்லா இருக்கு, பாக்கறாங்க. மூலையில உன் பேரைப் போடு. செல் நம்பரையும் பெருசாப் போடு. நாலு பேரு கூப்பிட்டா பொழைச்சுக்குவே இல்ல?"

பெயரையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பிழைத்தவனுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. யோசிக்கிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை ஹில்டா பையும் கையுமாகக் கிளம்பினாள். "வேளாங்கண்ணிக்குப் போறேன். திங்கக்கிழமைதான் வருவேன். செடிக்குத் தண்ணி ஊத்துப்பா. இந்தா, வீட்டுச் சாவி."

"என்கிட்டயா?"

"உன்னை நம்பாம வேற யாரை நம்பறது?"

சனிக்கிழமை மத்தியானம் தெருவே சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. ஜெயவேலு கதவருகே போனான். பளபளவென்று புதுப் பூட்டு. சாவியை நுழைத்தான். ஒரு திருகு திருகினால் பீரோ. கை திருகவில்லை. கடப்பாரையால் பிளந்த எந்தக் கதவும் அவனை இப்படிச் சங்கடப்படுத்தியதில்லை.

"சே, பேஜாராப் பூடுச்சே!" என்று சாவியை உருவினான். செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். வெளியே வந்து, மயிலின் காலடியில் 'ஜெயவேலு ஆர்ட்ஸ்' என்று எழுதி, செல் நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டான். போகிற வழியில் கடப்பாரையை ஏரியில் எறிந்தான். இனி சோறு போட வேண்டியது அந்த நம்பர்தான்.

திங்கட்கிழமை காலையில் செல் அடித்தது.

"ஜெயவேலு ஆர்ட்ஸா? உங்க மயிலு முன்னாலதான் நிக்கறோம். நேர்ல வாங்க, பேசணும்."

முதல் ஆர்டர்! ஜெயவேலு சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, அக்காவிடம் கொடுக்க வேண்டிய சாவியையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

மயில் முன்னால் பெரிய பெரிய சூட்கேஸ்களுடன் ஒரு குடும்பம் நின்றது. பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஹில்டாக்காவுக்குச் சொந்தமா, சார்?" என்றான் ஜெயவேலு பவ்யமாக.

"எந்த ஹில்டா?" என்றார் குடும்பத் தலைவர். "இது என் வீடு. மஸ்கட்ல இருந்து ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்து இறங்கறோம். தொங்கற பூட்டுகூட எங்களுது இல்ல."

"இவருதான் சார் ஃபிரிட்ஜு, டிவியெல்லாம் வண்டியில ஏத்துனாரு" என்றார் பாலு.

"யோவ், அந்தம்மாவை நீ பாக்கலியா?"

"நான் மயிலைத்தான்பா பாத்துக்கினு இருந்தேன்."

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயவேலுவின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டு வெண்ணெய் மாதிரி திறந்தது. உள்ளே வெறும் தரை. கடைசியில், கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்த காலி பீரோ.

இத்தனை வருஷத் தொழிலில் ஜெயவேலு போலீசில் மாட்டியது அதுதான் முதல் தடவை; அதுவும், அவன் திருடாமல் விட்ட ஒரே வீட்டுக்காக.