நாலு இஞ்ச் உயரம்

"ஜீப்பை நாலு இஞ்ச் தூக்குற செட்டே போட்டுடுங்க" என்றான் கணவன்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், ஓட்டப் போறது உங்க அப்பாதானே? பெரியவர் போன வாரம்கூட போன் பண்ணினார். 'இடுப்பு கழண்டு போகுதுப்பா, மெத்துன்னு ஏதாவது போட்டுக் கொடு'ன்னார். ரெண்டு இஞ்ச் தூக்கி சாஃப்ட் ஸ்பிரிங் போட்டா, மலைப்பாதையில தொட்டில் மாதிரி போகும்."

"வேண்டாம். நாலு இஞ்ச். ஸ்பிரிங்கும் பாரம் ஏத்துற வண்டிக்குப் போடுறதே இருக்கட்டும். டயரையும் பெரிசாக்கிடுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சுருக்கென்றது. மாமனாருக்கு அந்த ஜீப் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், சிநேகிதர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் போன பிறகு மனுஷர் வாய்விட்டுச் சிரிப்பதே அன்று ஒரு நாள்தான்.

"என்னங்க, மாமா எப்படி ஏறுவாரு?" என்றாள் மெதுவாக.

"ஏறுவாரு."

"சீட்டு என் நெஞ்சு உயரத்துக்கு வந்துடும் போலிருக்கு. வழுக்கி விழுந்தா இந்த வயசுல எலும்பு கூடுமா?"

"அதுக்கென்னம்மா, ஏறுறதுக்கு ரெண்டு பக்கமும் படி வச்சுக் கொடுத்துடறேன்" என்றார் மெக்கானிக்.

"படி வேண்டாம்" என்றான் அவன்.

"மலைக்குப் போறீங்களா சார், இல்ல வானத்துக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் நெற்றி வியர்த்திருந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய ஸ்பானர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்புப் பண்ணுகிறவன் முழிக்கிற முழி அது. வண்டி மேல் கண் வைத்துவிட்டான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை, மாமனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அடேயப்பா! என்னமா நிக்குது!"

குனிந்து அடியில் பார்த்தார். பம்பரைக் கையால் அழுத்திப் பார்த்தார். அசையவே இல்லை. நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவன் சாவியை இறுக்கிப் பிடித்தபடி பேயறைந்தவன் மாதிரி நின்றிருந்தான்.

"சரி, ஏறிப் பார்க்கலாம்" என்றார்.

அவள் வாசற்படி இறங்கி ஓடி வந்தாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று பின்னால் போய் நின்றாள்.

காலைத் தூக்கினார். எட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு எம்பினார். முழங்கால் இடித்துக்கொண்டது.

"மாமா, பாத்து!"

இன்னொரு முறை எம்பிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கக் கீழேயே நின்றுவிட்டார். பிறகு சிரித்தார்.

"வண்டி என்னை மிஞ்சி வளந்துடுச்சுப்பா. நானே எடுத்துட்டுப் போற கதையெல்லாம் இனி நடக்காது. நீயே ஓட்டு. கை கொடுத்து ஏத்திவிட்டா, நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்."

அறைக்குள் போனதும் அவள் வெடித்தாள்.

"பெத்த அப்பாவை இப்படியா அவமானப்படுத்துவீங்க? வண்டி வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருந்தா தூக்கிக் கொடுத்திருப்பாரே!"

அவன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அன்னிக்கு மலையில இருந்து இறங்கறப்போ வளைவுல ஒருத்தன் சைக்கிள்ல வந்தான். அப்பா பிரேக்கே போடல. நான்தான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தேன். 'ஏன்டா இழுத்தே'ன்னு என்னையே கேட்டாரு. அவருக்கு அந்த ஆள் தெரியவே இல்ல."

அவள் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கண்ணுலயும் பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சாம். இனிமே வண்டியைத் தொடவே கூடாதுன்னு என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்னுட்டு வந்தேன். எத்தனை தடவை பக்கத்துல போய் நின்னேன் தெரியுமா? தொண்டையை விட்டு வார்த்தை வரல. அம்மா போனப்புறம் அவருக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான். உங்க கண்ணு போச்சுப்பான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? குறை வண்டி மேலயே இருந்துட்டுப் போகட்டும்னுதான்..."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை. சமையலறை ஜன்னலைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. ஜீப்பின் கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டில் மாமனார்!

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டானா? தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரமாயிற்றே!

அடுப்பை அணைத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"மாமா! வேணாம் மாமா, இறங்கிடுங்க!"

வண்டியில் சாவி இல்லை. அவர் கையில் ஒரு துணிதான் இருந்தது. சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதோ வந்துட்டேம்மா" என்றவர், ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, சக்கரத்தில் ஒரு கால் வைத்து, லாவகமாகத் தரைக்கு வந்துவிட்டார். வேலையில் இருந்தவரை தினமும் லாரியில் ஏறி இறங்கிய உடம்பு.

அவள் சுற்றிலும் பார்த்தாள். முக்காலி இல்லை, ஏணி இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்போ... நேத்து ஏற முடியலைன்னீங்க?"

மாமனார் மகனின் அறை ஜன்னலை ஒருதரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதம்மா. எனக்கு ஓரத்துல எதுவும் தெரியலைங்கறது எனக்கே தெரியாதா? நேத்து நான் ஏறியிருந்தா, பாவம், அவனே வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்திருக்குமே!"